சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்ன ஆய்வாளர்

2018ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். அக்னி நட்சத்திரம் தொடங்கிப் பத்தாவது நாள். வழக்கமாக இரண்டரை மணிக்கெல்லாம் மயிலாப்பூருக்குள் வந்துவிடும் கடற்காற்று அன்று வரவில்லை. ஜீப்பின் கம்பியில் கை வைக்க முடியாத சூடு. மைக்கில் கட்டுப்பாட்டு அறைக்காரர் அபிராமபுரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் முகவரியைச் சொல்லிவிட்டு, "ஃபேமிலி மேட்டர்" என்றார். பிறகு சிறு சிரிப்போடு, "சத்தமே கேக்கலைன்னு பக்கத்து வீட்டம்மா கம்ப்ளெயின்ட் பண்றாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

ஓட்டுநர் செல்வம் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆய்வாளர் கோமதி அம்மா சிரிக்கவில்லை. "வேகமாப் போ செல்வம்" என்றார்.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. சென்ற மாதம் புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் என் அனுபவத்தைப் பேசக் கூப்பிட்டார்கள். பத்து நிமிடம் என்றார்கள். எட்டாவது நிமிடத்தில் டீ வந்துவிட்டது. டீ குடிக்கும்போது ஒரு பையன் இன்னொருவனிடம், ரவுடியைப் பிடிக்கப் போவதுதான் பயம், குடும்பச் சண்டை என்றால் போய் ரெண்டு அதட்டு அதட்டிவிட்டு வந்துவிடலாம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் தூக்கம் வராது என்று என் மனைவி சொல்வாள். அது வேறு விஷயம்.

நான் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கிவிட்டு 1985இல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். பயிற்சியில் ஓடச் சொன்னார்கள், சுடச் சொன்னார்கள், சல்யூட் அடிக்கச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. முப்பத்து நான்கு வருட வேலையில் நான் நுழைந்த வீடுகள் நானூற்றுக்குக் குறையாது. அடிபட்டது அத்தனையும் வீடுகளுக்குள்தான். தெருவில் ஒரு முறைகூட இல்லை. திருடன் நம்மைப் பார்த்தால் ஓடுவான். வீட்டுக்காரன் எங்கே ஓடுவான்? அவன் நிற்பது அவன் வீடு. கத்தி எந்த அலமாரியில் இருக்கிறது, அம்மிக்குழவி எந்த மூலையில் இருக்கிறது என்பது அவனுக்கு இருட்டிலும் தெரியும். நமக்குக் குளியலறை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

அதைவிடப் பெரிய ஆபத்து கூப்பிட்டவரிடமிருந்தே வரும். எங்கள் நிலையத்தில் ஒரு காவலர், பொண்டாட்டியை அடித்துக்கொண்டிருந்த ஒருவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். அந்தப் பொண்டாட்டி பின்னாலிருந்து குக்கரால் அவர் தலையில் போட்டாள். ஏழு தையல். போலீசைக் கூப்பிட்டதே அவள்தான். நிலையத்தில் உட்கார்ந்து அழுதபடி அவள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"அடிக்கச் சொல்லியா கூப்ட்டேன்? அதட்டச் சொல்லித்தான கூப்ட்டேன். ஊரே பாக்க எம்புருசன் சட்டைய நீ எப்டிப் புடிப்ப?"

இதைக் கோமதி அம்மா எங்கள் நிலையத்துக்கு வந்த முதல் வாரத்தில் அவரிடம் ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் கேட்டார். குக்கர் எந்தப் பக்கம் இருந்தது, அந்தக் காவலர் எந்தப் பக்கம் திரும்பி நின்றார், கூட வந்த இன்னொருவர் எங்கே இருந்தார் என்று மூன்று கேள்விகள் கேட்டார். 

அவர் வட சென்னையில் பிறந்து வளர்ந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். ஒல்லியான உருவம். குரல் எப்போதும் ஒரே அளவில் இருக்கும். நான் அப்போது சிறப்பு உதவி ஆய்வாளர் ஆகிவிட்டேன். இருந்தும் அவர் என்னைப் பழைய பதவிப்படி 'ஏட்டையா' என்றுதான் கூப்பிடுவார். பதவி உயர்வுக்கு இருபத்தைந்து வருடம் காத்திருந்தவனுக்கு அது உறுத்தத்தான் செய்தது. போகப்போக, அதில் ஓர் உறவு இருப்பது தெரிந்தபின் விட்டுவிட்டேன். மற்ற ஆய்வாளர்கள் குடும்பத் தகராறு என்றால் எங்களை அனுப்பிவிட்டு நிலையத்தில் இருப்பார்கள். இவர் நேரம் இருந்தால் தானே வருவார்.

அவர் வேலை செய்யும் விதத்தை முதன்முதலில் பார்த்தது மந்தைவெளி ரயில் நிலையத்துக்குப் பின்னால், கால்வாயோரக் குடியிருப்பில். ஒரு பெயிண்டர் குடித்துவிட்டு மனைவியை அடித்திருந்தான். வாசலில் கூட்டம். அவன் லுங்கியோடு, வெற்று மார்போடு, கையில் ஒரு கட்டையோடு நின்றுகொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கட்டையை உயர்த்தினான். "இன்னாத்துக்கு வந்துகினீங்க? எம் பொண்டாட்டி, எம் வூடு."

நான் முன்னால் போனேன். கோமதி அம்மா என் தோளைத் தொட்டு நிறுத்தினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு அவனிடம், பக்கத்து வீட்டுக்காரி பேசுவதுபோல் சொன்னார்.

"வூடு உன்னுதுதான் நைனா, யாரு இல்லேன்னது. மொதல்ல சட்டைய மாட்டிகினு வா. லேடீஸ் வந்து நிக்கிறேன், இப்டியா நிப்பே?"

அவன் குனிந்து தன் மார்பைப் பார்த்தான். அதுவரை அந்த உடம்பில் இருந்த வெறி எங்கே போனதென்று தெரியவில்லை. கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சற்றுமுன் அடி வாங்கிய மனைவியிடமே, "சட்டை எங்கடி?" என்று கேட்டான்.

"கொடில கீது. கண்ணு தெர்ல?" என்று அவள் சட்டையை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள்.

அவன் மாட்டிக்கொண்டான். பட்டன் போட ஆரம்பித்தான். நடுவில் ஒரு பட்டன் இல்லை. "பாருங்க மேடம், ஒரு பட்டன் தெச்சிக் குடுக்க மாட்டா" என்று எங்களிடம் புகார் சொன்னான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இதற்குள் செல்வம் கட்டையை எடுத்து வெளியே போட்டுவிட்டு, சமையல் மூலைக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுவிட்டார்.

ஜீப்பில் திரும்பும்போது கோமதி அம்மா இதை எனக்கு விளக்கினார். சட்டை போடுகிறவனுடைய இரண்டு கையும் வேலையில் இருக்கும். பட்டன் போடுகிறவன் ஓங்க முடியாது. அதோடு, சட்டை போட்டதும் மனுஷனுக்குத் தான் யார் என்ற நினைப்பு வந்துவிடும். ஆனால் சட்டையை எடுக்க அவனை உள்ளே போக விடக்கூடாது. வேறு யாராவது எடுத்துத் தர வேண்டும். போனவன் சட்டையோடுதான் திரும்புவான் என்று என்ன நிச்சயம்?

இன்னொரு விதியும் வைத்திருந்தார். உள்ளே சண்டை வந்தால் இரண்டாவதாகப் போனவர் அதில் கை வைக்கக் கூடாது. யாருக்காக வந்தோமோ அவரிடம் நேராகப் போக வேண்டும். "ரெண்டு பேரும் அவனையே புடிச்சிக்கினு இருந்தா, அந்தப் பொண்ண யாரு பாக்கறது ஏட்டையா?" என்பார். எனக்கு இது ஒத்துவரவில்லை. கூட வந்தவர் அடிபடும்போது விட்டுவிட்டுப் போவது எப்படி என்று இரண்டு முறை வாதாடினேன். இரண்டு முறையும் அவர் பதில் சொல்லாமல் ஜீப் கண்ணாடி வழியே தெருவைப் பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய ஒன்றரை வருடத்தில் அவரோடு நான் போன வீடுகள் அறுபத்திரண்டு. மந்தைவெளியில் 'நைனா' என்பார், தியாகராய நகரில் 'அண்ணாச்சி' என்பார், அடையாறில் 'சார்' என்பார். சொல்வது மட்டும் ஒன்றுதான்: முதலில் சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள். அறுபத்திரண்டு வீட்டிலும் எங்களில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

அபிராமபுரம் குடியிருப்பில் மின்சாரம் இல்லை, அதனால் லிஃப்டும் இல்லை. இரண்டாவது மாடி. என் முழங்காலுக்கு அது போதாதா? செல்வத்தை ஜீப்போடு கீழே நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் ஏறினோம். போன் செய்த பக்கத்து வீட்டு மாமி கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுபது வயது இருக்கும். ரகசியக் குரலில் பேசினார்.

"நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கோ. தினம் சண்டைதான், அது பழகிடுத்து. ரெண்டு நாளா அந்தப் பொண்ணு வாசல் பக்கமே வரலை. பால் கவரைக்கூட அவன்தான் எடுத்துண்டு போறான். இன்னிக்குக் கார்த்தால ஒரு சத்தம். அப்புறம் ஒண்ணுமே இல்லை. சத்தம் வந்துண்டிருந்தா நான் கூப்பிட்டே இருக்க மாட்டேன்."

கோமதி அம்மா அவர் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு, அந்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

இரண்டாவது தட்டலுக்குள் கதவு திறந்தது. நாற்பது வயதுக்காரர், ஒரு கட்டுமான நிறுவனத்தில் மேலாளர் என்று பிறகு தெரிந்தது. வெள்ளை முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பட்டன், உள்ளே செருகி பெல்ட், காலில் சாக்ஸ். தலை ஈரமாக வாரியிருந்தது. புன்னகையோடு, "வாங்க மேடம், யாரோ தப்பா கால் பண்ணிருக்காங்க போல. உள்ள வாங்க, காபி சாப்பிடலாம்" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. படித்தவர், மரியாதை தெரிந்தவர், சட்டை போட்டவர். கோமதி அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் தொப்பியைக் கழற்றிவிடுகிறவர் அன்று கழற்றவில்லை. அப்போதுதான் என் நிம்மதி போயிற்று. அறுபத்திரண்டு வீட்டில் சொன்ன ஒரே வாக்கியத்தை இந்த வீட்டில் சொல்ல முடியாது. இந்த மனிதர் எங்களுக்கு முன்பே சட்டையைப் போட்டுக்கொண்டுவிட்டார்.

"எங்கயோ கிளம்பிட்டீங்க போல சார்?"

"கோயிலுக்கு."

"நடை தொறக்க நாலாகுமே. நேரமிருக்கு."

கோயிலுக்கு சாக்ஸ் போட்டுக்கொண்டு போகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றில் ஒரு தோள்பை இருந்தது. அதன் ஜிப் பாதி மூடியிருந்தது. மனைவி எங்கே என்று கேட்டதற்குத் தலைவலி, உள்ளே தூங்குகிறாள் என்றார். எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார் கோமதி அம்மா.

"ஒரு லேடி தூங்கறப்ப எப்படி மேடம்…"

"நானும் லேடிதான் சார்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே படுக்கையறைக்குப் போகும் வழியை மறைத்து நின்றார். மின்விசிறி ஓடவில்லை. என் முதுகில் வியர்வை வழிந்து பெல்ட்டில் தங்கியது. கோமதி அம்மா குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

"கரண்ட் வேற இல்ல, புழுக்கமா இருக்கு. கையை மடிச்சு விட்டுக்கங்க சார்."

"பரவால்ல, எனக்குப் பழக்கம்."

"எங்க முன்னாடி எதுக்கு சார் கூச்சம்? மடிச்சு விடுங்க."

மறுத்தால் சந்தேகம் வரும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். இடது கையின் பட்டனைக் கழற்றினார். ஒரு மடிப்பு மடித்தார். இரண்டாவது மடிப்பில் முழங்கைக்குக் கீழே நான்கு கோடுகள் தெரிந்தன. நகம் கிழித்த புதுக் கோடுகள். அவற்றை நாங்கள் பார்த்ததை அவர் பார்த்தார்.

வலது கை பக்கத்து நாற்காலியிலிருந்த தோள்பைக்குள் போனது. வெளியே வந்தபோது அதில் தேங்காய் வெட்டுகிற கத்தி. அதே நேரத்தில் கோமதி அம்மா இன்னொரு நாற்காலியைத் தூக்கி அவன் மார்பில் வைத்துச் சுவரோடு தள்ளினார். "உள்ள போங்க ஏட்டையா" என்றார்.

நான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வாழ்க்கையில் நான் எண்ணாத நேரம் அது ஒன்றுதான். அவருடைய இரண்டு கையும் நாற்காலியில். அவனுடைய கத்தி நாற்காலிக் கால்களுக்கு நடுவே நீண்டு நீண்டு வந்தது. வாதாடியபோதெல்லாம் அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று அப்போது புரிந்தது. இப்படி ஒரு இடத்தில் நின்று பார்க்காமல் அதை யாருக்கும் புரியவைக்க முடியாது. அவர் அங்கே நாற்காலியோடு நிற்பதே நான் உள்ளே போக வேண்டும் என்பதற்காகத்தான்.

அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது கத்தி என் பக்கம் திரும்பியது. தடுக்க இடது கையை நீட்டினேன். வலிக்கவில்லை, சில்லென்று இருந்தது.

படுக்கையறையில் யாரும் இல்லை. குளியலறைக் கதவு வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது. திறந்தேன். அந்தப் பெண் தரையில் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தார். பெயர் சுதா என்று பிறகு தெரிந்தது. காலையிலேயே முன்கையில் வெட்டியிருக்கிறான். அவரே துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். மயக்கத்தில் கட்டு தளர்ந்திருந்தது. உட்கார்ந்து அவர் கையை உயர்த்தி, காயத்தின் மேல் துண்டை வைத்து அழுத்தினேன். என் இடது கையில் இரண்டு விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. வலது கையாலும் முழங்காலாலும் அழுத்தினேன்.

வெளியே கோமதி அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "சார், கீழ போடுங்க. போடுங்க சார். ஒண்ணும் ஆகல, போட்டுடுங்க சார்." அந்த 'சார்' ஒருமுறைகூட விடுபடவில்லை. குரல் கேட்கிறவரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று நான் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குரல் நின்றது.

எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று உடம்பு முழுதும் துடித்தது. கையை எடுத்தால் சுதாவின் ரத்தம் மறுபடி வரும். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மாமி பால்கனியிலிருந்து கீழே பார்த்து, "மேல வாப்பா, கத்தி வச்சிண்டிருக்கான்" என்று கத்துவதும், படிகளில் செல்வத்தின் பூட்ஸ் சத்தமும் கேட்டன. ஏதோ விழுந்தது. பிறகு அந்தக் குரல்.

"ஏட்டையா, உசுரு இருக்கா?"

"இருக்கும்மா."

"கையை எடுத்துடாதீங்க."

நடுவில் ஏன் பேச்சு நின்றது என்று மறுநாள் கேட்டேன். "தொண்டை காஞ்சு போச்சு ஏட்டையா, அந்தாளு காபி குடுக்கறேன்னு சொல்லிட்டுக் குடுக்கவே இல்லையே" என்றார். அவர் தோளில் ஒரு வெட்டு, ஒன்பது தையல்.

ஆனால் அவரைப்பற்றி நான் சொல்ல விரும்புவது அந்த நாற்காலியை அல்ல. ஆம்புலன்ஸ் வந்து சுதாவை இறக்கினார்கள். செல்வம் அவனைப் பிடித்து வைத்திருந்தார். மல்லுக்கட்டியதில் அவன் சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். படிகளில் மூன்று மாடி ஜனமும் நின்றது. அப்படியே இழுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் நான் நினைத்தேன். அவன் அதைவிட மோசமாகப் போனாலும் எனக்குச் சம்மதம். கோமதி அம்மா தன் தோளைக் கர்ச்சீப்பால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "பீரோவுல ஒரு சட்டை எடு செல்வம்" என்றார். அவன் முகத்தைத் துடைக்கச் சொன்னார். புதுச் சட்டையை மாட்டி, எல்லாப் பட்டனையும் போடவைத்தார். ஒரு பட்டனைத் தன் கையாலேயே போட்டுவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவனுக்கு எதற்கம்மா இந்த மரியாதை என்று கேட்டுவிட்டேன்.

"இவனுக்கு இல்ல ஏட்டையா. கிழிஞ்ச சட்டையோட ரத்தத்தோட இறக்கினா, படியில நிக்கற சனம் இவனப் பாத்து ஐயோ பாவம்னு சொல்லும். அந்தப் பொண்ணு திரும்பி வந்து இதே படியிலதான் ஏறணும்."

அவன் சட்டையோடு இறங்கினான். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறகு வழக்கு நடந்தபோது, போலீஸ் அடித்து இழுத்துப் போனதாக அவன் தரப்பு வக்கீல் சொன்னார். சாட்சிக்கு வந்த அந்த மாமி கூண்டில் நின்று, "நன்னா சட்டை போட்டுண்டு நடந்துதான் போனார்" என்றார். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். தண்டனை கிடைத்தது. இன்னும் அரைமணி நேரம் ஆகியிருந்தால் சுதா பிழைத்திருக்க மாட்டார் என்று மருத்துவர் சாட்சியம் சொன்னார்.

இப்போது எங்கள் வேலையில் நிறைய வந்துவிட்டது. மார்பில் கேமரா, செல்போனில் செயலி, அழைத்த இடத்தைக் காட்டும் வரைபடம். எல்லாம் நல்லதுதான். கதவு திறந்ததும் எதிரே நிற்பவனின் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கும் வேலை இன்னும் போகிறவருடைய வேலைதான். கோமதி அம்மா வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அங்கே என்னைப்போல் புலம்புகிற ஒருவர் அவருக்குப் பக்கத்தில் இருப்பார் என்று நம்புகிறேன்.

என் இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் முழுதாக மடங்குவதில்லை. அறுவைச் சிகிச்சைக்குத் துறை பணம் கட்டியது. அதன்பின் தனியார் பிசியோதெரபிஸ்டிடம் போனதற்கு விதியில் இடமில்லை என்று நான் போட்ட மூன்று விண்ணப்பங்களையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடையாறில் இருபத்தாறு தடவை விரல் பயிற்சி, தடவைக்கு முந்நூற்றைம்பது வீதம் ஒன்பதாயிரத்து நூறு. போகவர ஆட்டோ ஆறாயிரத்து இருநூற்று நாற்பது. மருந்து இரண்டாயிரத்து நூற்றைம்பது. ரத்தம் பட்ட சீருடையைச் சான்றுப் பொருளாக நீதிமன்றம் எடுத்துக்கொண்டதால் புதிது தைக்க ஆயிரத்து எண்ணூற்றைம்பது.

சுதா அதே இரண்டாவது மாடியில் தன் அம்மாவோடு இருக்கிறார். பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இன்று வேலை நாள், காலையில் அந்தப் படிகளில் இறங்கிப் போயிருப்பார். அதற்கு என் கையிலிருந்து செலவானது மொத்தம் பத்தொன்பதாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.